காளையில் பிழை இராது

"அப்ப, காளயத்தான் ஒருக்கா பாக்கோணுமா டொக்டர்?" என்று ராசிக் கேட்ட நேரம் பார்த்து, நாகேஸ்வரி தேத்தண்ணீர்த் தட்டோடு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

மனைவியைக் கண்டதும் மாட்டு வைத்தியர் வரதராசா மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

ராசிக் புத்தளத்தில் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, அரை நாளைத் தொலைத்து, கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

போன வறட்சியில் அவருடைய பசுக்கள் எலும்பும் தோலுமாகிச் சினைப்படாமல் நின்றன. மெலிந்த உடம்பில் கரு தங்காது, புல் காய்கிற மாதங்களில் புண்ணாக்கும் தவிடும் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியவர் வரதராசாதான். இந்த வறட்சிக்கு ராசிக் அப்படியே செய்தார். பசுக்கள் இப்போது மினுமினுவென்று நிற்கின்றன. ஒன்றுகூடச் சினையில்லை.

இனிப் பார்க்க வேண்டியது காளையைத்தான். அது ராசிக்குக்கே தெரிந்திருக்கிறது.

நாகேஸ்வரி குனிந்து தட்டை வைத்தாள். வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டிக் கழன்று விழப் பார்த்தன. கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். பிள்ளை வேண்டி அவள் பிடிக்கிற ஆறாவது வருட விரதம். பகலில் தண்ணீர், இரவில் கொஞ்சம் பால். போதாததற்கு வெள்ளிக்கிழமைகளும்.

மெலிந்த உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்கிறவர் வீட்டில் மட்டும் சொன்னதில்லை.

"காளையில பிழை இராது. தீனியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பாருங்கோ" என்றார்.

ராசிக் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

வரதராசாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நீர் இண்டைக்கு ஏதும் சாப்பிடுமப்பா" என்றார் மனைவியிடம்.

அவள் அதைக் கரிசனை என்று நினைத்துச் சிரித்தாள்.

"இன்னும் மூண்டு நாள்தானே. பிழை என்னிலதான், அப்ப நான்தானே பிடிக்கவேணும்."

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மாலை, வேலைபார்க்கிற கந்தோரில் எல்லோரும் போன பிறகு, காளைகளின் விந்தைச் சோதிக்கிற நுணுக்குக்காட்டியில் வரதராசா தன்னுடையதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கண்ணாடித் துண்டைத் தானே கழுவித் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று நாகேஸ்வரி தன் முதல் விரதத்தை முடித்துப் பாறணைக்குச் சமைத்திருந்தாள். அவர் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.