மேசையின் இந்தப் பக்கம்

“நான் சர்ச்சுக்கெல்லாம் போறதில்லை, கேரல். நான் பேகன்,” என்றாள் டோனா.

சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கேரல் கேட்டது சாதாரணக் கேள்விதான். கிறிஸ்துமஸுக்கு எந்த சர்ச், காலையிலா மாலையிலா? பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் அந்த மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில், டிசம்பர் பிறந்தால் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது. ரசியா பேகத்திடம் மட்டும் கேட்க மாட்டார்கள். தலையில் இருக்கும் முக்காடே பதில் சொல்லிவிடும்.

யாரோ சிரித்தார்கள். டோனா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பேகன் என்றால் என்ன என்று டோனாவே சொன்னாள். மரம், மண், நிலா, மாறிவரும் பருவங்கள். வருடத்திலேயே நீளமான இரவில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு சூரியனுக்காகக் காத்திருப்பது. ஐம்பதைத் தாண்டியவள். வழி கேட்டவருக்கு பஸ் நம்பர் சொல்வதுபோல அலுப்போடு சொல்லி முடித்தாள்.

அவள் வீட்டில் செய்து கொண்டுவந்திருந்த பூசணிக்காய் ரொட்டி மேசை நடுவில் இருந்தது. கேரல் தன் கையிலிருந்த பாதித் துண்டை நாப்கினில் மடித்தாள். மடித்ததை முழங்கையால் மெல்ல ஓரமாகத் தள்ளினாள்.

ஆடு கோழியெல்லாம் வெட்டுவீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆனாலும் நீ ரொம்ப நல்லவளாச்சே என்று ஒரு பெண் வருத்தப்பட்டாள். உனக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்றாள் இன்னொருத்தி. மூன்று பேருமே கெட்டவர்கள் இல்லை.

சபரிநாதன் ரசியாவின் பக்கம் சாய்ந்தான். ஈரோட்டுக்காரன். வீட்டில் இட்டுக்கொண்ட விபூதியை ஆபீஸ் வாசலில், காருக்குள்ளேயே டிஷ்யூவால் துடைத்துவிட்டு வருகிறவன்.

“பேகன்னா என்னங்கக்கா, இந்த பில்லி சூனியம் வெக்கறவங்களா?”

“சும்மா இருங்க தம்பி.”

அவன் ஊரில் வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டிப் பொங்கல் வைப்பார்கள். போன வருடம் அவனேதான் சொன்னான்.

ரசியாவுக்கு இந்த மௌனத்தை நன்றாகத் தெரியும். யாரும் எழுந்து போக மாட்டார்கள். நாற்காலிகள் மட்டும் கொஞ்சம் நகரும். பேச்சு வானிலைக்குப் போகும். இரண்டு வருடமாக அது அவளைச் சுற்றியேதான் இருந்தது. இன்றைக்கு எழுந்து மேசையின் அந்தப் பக்கம் போய்விட்டது.

தோள்கள் தாமாகவே தளர்வதை அவள் உணர்ந்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

இந்த இரண்டு வருடமும் அவள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். முக்காடு ஏன், வீட்டுக்காரர் கட்டாயப்படுத்துகிறாரா, உங்கள் ஆட்கள் ஏன் இப்படி. சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் கேள்வி பாதியில் இருக்கும்போதே அவளுக்குத் தாடை வலிக்கும்.

மரத்தையும் நிலாவையும் வணங்கலாமா என்று கேட்டிருந்தால், கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள். சின்ன வயதில் மேலப்பாளையத்து ஓதப்பள்ளியில் முதலில் படித்ததே அதுதான்.

கேரல் அதைக் கேட்கவில்லை.

“நமக்கெல்லாம் ஒரே கடவுள்தானே, ரசியா?” என்று கேட்டாள்.

கேட்டுக்கொண்டே, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டாள்.

‘நமக்கெல்லாம்.’ இத்தனை நாளாக ‘ஹனி’ என்று கூப்பிட்டுச் சமாளித்தவளுக்கு அவள் பேர் தெரிந்துதான் இருந்திருக்கிறது. உச்சரிப்பும் சரியாகவே இருந்தது.

டோனா ரசியாவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

‘ஆனால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் ரசியாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு பதில், அப்புறம் இன்னொரு கேள்வி. மேசை மறுபடியும் அவள் பக்கம் திரும்பும்.

ரசியா தலையாட்டினாள்.

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கேரலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை பனி கொட்டுமா என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். ரசியாவும் சொன்னாள்.

எல்லோரும் போனபிறகு டோனா தொட்டியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரசியா டப்பாவோடு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“டோனா, நான்...”

“விடு. நீ களைச்சுப் போயிருக்கே,” என்றாள் டோனா. அவள் குரலில் கோபம் இல்லை. குழாயை விட்டு நகர்ந்து ரசியாவுக்கு இடம் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கழுவி முடித்த டப்பாவையே ரசியா வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

விமானங்கள் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த வருடம், தனியாக வெளியே இறங்கவே அவள் பயந்த நாட்களில், தினமும் காலையில் அபார்ட்மென்ட் வாசலில் வந்து ஹாரன் அடித்தது டோனாவின் கார்தான். யாரும் கேட்டுக்கொள்ளாமல் அவளாகவே வந்தாள். இலையெல்லாம் உதிர்ந்து முடியும்வரை வந்தாள். ஒருநாள் சிக்னலில், பக்கத்து டிரக்கில் இருந்தவன் கண்ணாடியை இறக்கி, ரசியாவின் முக்காட்டைப் பார்த்து ஏதோ கத்தினான். டோனா தன் கழுத்தில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையில் போட்டு, முடி தெரியாதபடி இழுத்துக் கட்டிக்கொண்டு, சிக்னல் பச்சையாகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.