கொலைகாரனின் கண்

"முகத்தைக் காட்ட முடியாதும்மா. போலீஸே எடுத்த படம் இது, அவங்க காப்பகத்துல கிடைச்சது. இதை வெச்சுத்தான் ஆளுங்களைத் தூக்கியிருக்காங்க. அதனாலதான் மறைச்சேன்" என்றார் அந்தப் படைப்பைச் செய்த இளம் கலைஞர்.

கண்காட்சிக் கூடத்துச் சுவரில் அந்தப் பழைய ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு வெள்ளை வட்டம். பக்கத்தில் படைப்பின் தலைப்பு: 'கொலைகாரனின் கண்'.

"அன்னைக்கு இந்த ஊர்வலத்துக்குப் போன எங்கண்ணன் வீடு திரும்பலை. சுட்டவங்க உடம்பைக்கூடக் கொடுக்கலை. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன் தம்பி" என்றேன்.

"விடமாட்டீங்க போல. எந்த வரிசையில இருக்காரு?"

"கூட்டம் சிதறி ஓடுறதோட நிறுத்திட்டீங்களே, அதுக்கப்புறம் இருக்கா?"

"இருக்கு. கேமரா கீழே விழுந்துடுது. வெறும் ரோடு. அதுக்குமேல பார்க்க என்ன இருக்குன்னு வெட்டிட்டேன்."

"அதைப் போடுங்க."

சலிப்போடு கணினியைத் தட்டினார். படம் குலுங்கிச் சாய்ந்தது. தார்ச்சாலை. ஓடும் கால்கள். கால்கள் விலகியதும், சாலையில் கன்னம் பதிந்த ஒரு முகம். திறந்த கண்கள் எங்களையே பார்த்தன.

கலைஞரின் குரல் இறங்கிப்போனது. "இவரா?"

"ஆமா. இதைப் படம் எடுத்ததே அவன்தான், கேமரா அவனோடது. அவன் விழுந்ததும் அதைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிடுச்சு."

அவர் திரும்பி, சுவரிலிருந்த தலைப்பைப் பார்த்தார்.

"தலைப்பை மட்டும் எடுத்துடுங்க தம்பி" என்றேன். "இந்த முகத்தை மறைக்காதீங்க."