பச்சைப் பாவாடை

விளக்கேற்றிவிட்டுக் கற்பூரத்தைத் தட்டில் வைத்தபோது வெளியே ஆட்டோ வந்து நின்றது.

இறங்கி வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். அறுபதைத் தொட்டிருப்பாள். தோளில் துணிப்பை. பெயர் தரணி, ஊர் திருப்பதி என்றாள்.

"கன்னிகாம்மாவோட பொண்ணு."

என் கணவர் சம்பத் என்னைப் பார்த்தார். நான் மாடத்தைப் பார்த்தேன்.

மாடத்தில் நாங்கள் கும்பிடுகிறவள் பெயரும் கன்னிகாதான். என் மாமனாரின் தங்கை. 1961-இல், பதினாறு வயதில், அம்மை போட்டுப் போனவள்.

பூவும் பொட்டுமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் நகரிப் பக்கத்து வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் துணி அவளுக்கு. அவளிடம் கேட்காமல் தாலிக்குப் பொன் உருக்க மாட்டோம். அடுத்த வாரம் எங்கள் மகள் அக்ஷயாவுக்குக் கல்யாணம்.

முப்பத்தைந்து வருடமாக அவளுக்குப் பாவாடை வாங்குவது நான்தான். எப்போதும் பச்சை.

இந்த வீட்டில் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். முட்டிவலி, மகனின் விசா, மாமியார் என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் தீர்த்து வைத்தாள். மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் காலம் பிடித்தது.

"எங்க அத்தை அம்மை போட்டு செத்துப்போச்சி. ஊருக்கே தெரியும்," என்றார் சம்பத். "எவன் சொல்லி அனுப்சான் உன்ன?"

"சொத்துக்கு வரல மாமா. இந்த வூட்டு விளக்கை ஒருதரம் கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

மாமா. சொல்வது உண்மையென்றால், என் கணவருக்கு ஒரு அத்தை மகள் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறாள். நல்லவேளை, தாமதமாக வந்தாள்.

"அத்தாட்சி இன்னா வெச்சிக்கினு இருக்கே?"

அவளிடம் ஒன்றும் இல்லை. அதுவும் வேண்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் சொல்வது நிஜமானால் அவருடைய அப்பா சொன்னது பொய்யாகிவிடும். ஆனால் பூவாடைக்காரிக்குப் படைக்கும் நாளில் வந்தவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.

"உள்ள வாம்மா," என்றேன்.

எங்கள் நடுவாசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1911-இல் கணவரின் கொள்ளுத்தாத்தா இந்த வீட்டைக் கட்டியபோது, கலெக்டர் துரை வருவார் என்று அந்த வாசலை நாலரை அடியில் வைத்தாராம். தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துதான் துரை உள்ளே வரவேண்டும். வெள்ளைக்காரனை எதிர்த்து எங்கள் குடும்பம் செய்தது அவ்வளவுதான்.

துரையும் வந்தார். புளியமரத்தடியில், குதிரை மேல் இருந்தபடியே இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எண்பது வருடம் குனிந்தது எங்கள் ஆட்கள்தான்.

என் சீர் பீரோ நுழையவில்லை என்று 1990-இல் அதை இடித்து ஏழடியாக உயர்த்தினார்கள். வெளியாட்கள் நிமிர்ந்தே வருகிறார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் இன்னும் குனிகிறார்கள். வந்த புதிதில் சிரித்தேன். எந்த நாளில் நானும் குனிய ஆரம்பித்தேன் என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தரணி செருப்பைக் கழற்றினாள். ஐந்தடிகூட இல்லாத பெண். தலைக்கு மேலே இரண்டடிக்குக் குறையாமல் காலியாகக் கிடந்தது.

நடுவாசலில் குனிந்து, உள்ளே வந்து நிமிர்ந்தாள்.

சம்பத்தின் வாய் திறந்தபடி நின்றது. "இன்னாத்துக்குக் குனிஞ்சே?"

"குனிஞ்சனா?" அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். "எங்க வூட்ல எல்லாருமே அப்டித்தான் மாமா. வாடகை வூட்லகூட. அம்மாவைப் பாத்துப் பழகிப்போச்சி."

அவர் மெல்ல ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

அம்மைத் தடுப்பூசி குத்த ஊருக்கு வந்தவரோடு போய்விட்டாளாம் கன்னிகா; தரணிதான் சொன்னாள். அம்மையில் போனாள் என்று சொல்லிவிட்டார் மாமனார். முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

தரணி மாடத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் பாவாடைதானா? திருமலைக்கு மொட்டை போட வர்ற உங்க ஊர்க்காரங்க அம்மாகிட்ட சொல்வாங்க. 'பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சி, அங்க நான் இன்னும் பாவாடை கட்டிக்கினு நிக்கறேன்'னு அம்மா சிரிக்கும்."

ஊருக்கே தெரியும் என்று என் கணவர் சொன்னது சரிதான்.

எனக்கு முகம் சுட்டது. திருப்பதியில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவளிடமா நான் மாமியாரைப் பற்றி அத்தனையும் சொன்னேன்? அப்படியானால் மகனுக்கு விசா வாங்கிக் கொடுத்தது யார்?

சம்பத் திடீரென்று எழுந்தார். உயிரோடு இருப்பவரைக் கும்பிட்டால் அவர் ஆயுசுக்கு ஆகாது.

"அய்யோ, அத்தை எங்க? ஆட்டோலயே குந்திக்கினு இருக்குதா?" இந்த வீட்டில் 'அத்தை' என்ற சொல்லை அவர் அன்புடன் சொல்லி நான் கேட்டதில்லை. விளக்கை அணைக்கப் பதறிக் கை நீட்டினார்.

தரணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அணைக்காதீங்க மாமா. அம்மா போயி நாப்பது நாளாவுது. எங்க நைனா இருக்கும்போதே போச்சி, பூவும் பொட்டுமா. இனிமே நீங்க தாராளமா கும்பிடலாம். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

 சம்பத் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார். மூன்றாவது குச்சிதான் பற்றியது.

நான் மாடத்திலிருந்து பாவாடையை எடுத்து மடித்துக்கொண்டு, புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன்.

"பச்சை மட்டும் வேணாங்க்கா," என்றாள் தரணி பின்னாலிருந்து. "அம்மாவுக்குப் புடிக்காது."