பீப்! பீப்!

மாரத்தானுக்கு முந்தின நாள். குணாளன் வார்ம்அப் கூடப் பண்ணாமல் வேகப் பயிற்சியில் இறங்கிவிட்டான். அவன் குதிகால் நரம்பு விறைத்துக் கிடப்பது ஷூவுக்கு மட்டும்தான் தெரியும். அது வாட்சிடம் கெஞ்சியது:

"வாட்ச் அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பான். நிறுத்தச் சொல்லுண்ணே, கால் போயிடும்!"

ஸ்மார்ட் வாட்ச் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பீப்! என்னடா இது, கல்யாண ஊர்வலமா? இன்னும் வேகம்!" என்று கோச் மாதிரியே கத்தியது.

குணாளன் பறந்தான். ஷூவுக்குள் கயிறு அறுந்தாற்போல் ஒரு சத்தம். குப்புற விழுந்தான்.

"சபாஷ்! இன்னைக்குத்தான் உன் புது ரெக்கார்டு!" என்றது வாட்ச்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மாரத்தான் கூட்டம் தடதடவென்று ஓடியது. மாவுக்கட்டுக் காலோடு குணாளன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஷூ கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது.

மணிக்கட்டில் இருந்த வாட்ச் செல்லமாகச் சிணுங்கியது: "பீப்! ரொம்ப நேரமா படுத்தே கிடக்கியே ராஜா, எழுந்து கொஞ்சம் நட!"