சாப் இல்லாத கடிதம்

வீரம்மா கடிதத்தை மேசைமேல் விரித்தாள். மடித்த இடமெல்லாம் கிழியக் காத்திருந்தது.

"இப்பதான் உங்களுக்கு எழுத்து தெரியுமே, அண்ணே. ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க. தப்பு என் மவன் மேலதானா?"

தம்புசாமி தே தாரிக் டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அது சட்டைப் பையில்தான் இருந்தது. தெரிந்தும் தேடினார்.

ஜொகூரிலிருந்து குகன் போன் செய்திருக்கிறான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். அம்மா வந்து நின்றால் போதுமாம், வேறு எதுவும் வேண்டாமாம். ஐந்து வருடமாக மகனோடு பேசாதவள் இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் ஒட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல கூட்டம். பக்கத்து மேசையில் பிரவின் எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்குக் காலத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சும்மா டிராமா லா! கோழி மாதிரி நம்மள முள்கம்பிக்குள்ள அடைச்சுட்டானுங்க. இதுல நம்ம தம்பு அங்கிள் வேற, எமனுக்கே ஜாகா பார்த்த மாதிரி கேட்டுல நின்னாரு!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். தம்புசாமியும் சிரித்து வைத்தார்.

அன்றைக்கு இதே பிரவின்தான் மூன்றாவது மாடியில் நின்று சட்டியைத் தட்டினான். விடாதீங்க அங்கிள், வெளிய போய் நோயை வாங்கிட்டு வருவானுங்க என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் ஒருவன் மட்டுமா? எல்லா மாடியிலும் சட்டி சத்தம்தான்.

கேட்டுக்கு வந்த காரைக் குகன் ஓட்டினான். பின்னால் அவன் அப்பா சுகுமாறன், வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பட்டன் போட்டு, கோயிலுக்குக் கிளம்பியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நெஞ்சு டாக்டரைப் பார்க்க ஷா ஆலம் போகவேண்டும். குகன் மருத்துவமனைக் கடிதத்தை நீட்டினான்.

அந்த நாளில் தம்புசாமிக்கு ஓரெழுத்து தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை வாசலோடு பார்த்தவர். அப்புறம் மூட்டை, சிமெண்டு, கடைசியில் இந்தக் கேட்டில் ஜாகா, காவல் வேலை.

எழுத்து தெரியாதவனுக்குச் சாப்தான் எழுத்து.

ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை குத்தியிருந்தால் கேட்டைத் திறப்பார். ரொட்டி ஃபேக்டரிக் கடிதம், கோழி லோரிக் கடிதம், எல்லாம் அப்படித்தான் வெளியே போயின. படித்துக் காட்டு என்று அவரை யாரும் கேட்டதில்லை.

குகன் கொடுத்த தாளை இரண்டு பக்கமும் திருப்பினார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். சாப் இல்லை.

சாப் வேணாம்னு அங்கேயே சொன்னாங்க அங்கிள் என்று குகன் கெஞ்சினான். மேலே சட்டிகள் இன்னும் வேகமாக அதிர்ந்தன.

கார் பின்வாங்கியது. சுகுமாறன் கண்ணாடிக்குள்ளிருந்து அவருக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனார், கோபமே இல்லாமல்.

மூன்றாம் நாள் அவரை நாலாவது மாடியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். அப்போது யாரும் கடிதம் கேட்கவில்லை.

சாப் வாங்க வக்கில்லாமல் வந்துவிட்டு இப்போது சாக்கு சொல்கிறான் என்று, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வீரம்மா மகனைச் சபித்தாள். அப்பனைக் கொன்னவன் என்ற சொல்லும் அங்கேதான் விழுந்தது. விழுந்த கையோடு அவள் தம்புசாமியைத் திரும்பிப் பார்த்தாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் வீரம்மா வீட்டு முதல் கிண்ணம் அவருக்குத்தான். ஊரே கத்தினாலும் நேர்மையாக நின்ற மனுஷனாம்.

அன்று குகன் நீட்டிய இந்தத் தாளை அவள் வேறு யாரிடமும் காட்டவில்லை. கேட்டில் பார்த்தவர் வாயாலேயே கேட்கவேண்டும் என்று இருந்தாள்.

தம்புசாமி விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். அறுபது தாண்டி, சனிக்கிழமை தவறாமல் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் சர்ச் ஹாலில் மகதலேனா டீச்சரிடம் கற்ற தமிழும் மலாயும்.

பெயர். ஐசி அட்டை நம்பர். தேதி, அதே தேதிதான். உடனடியாக என்று ஒரு மலாய்ச் சொல், தடித்த எழுத்தில். அதற்குக் கீழே வெற்றிடம். அதற்கும் கீழே, தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

விரல் அங்கே நின்றது.

"என்ன அண்ணே? சாப் இருக்கா?"

பக்கத்து மேசைச் சிரிப்பு ஓய்ந்து, யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இல்லம்மா. சாப் இல்ல."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

 வீரம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் அம்மா என்ற குரல் தம்புசாமிக்கும் கேட்டது.

"நான் வரல," என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அவர் கட்டைவிரல் இன்னும் அந்தக் கடைசி வரியை மூடியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்தும் அழுத்தி மூடியிருந்தார்.

அந்த வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. தண்ணீர் பில்லிலும் நிலவரிக் கடிதத்திலும் அடியில் வருவதுதான். முதல் மாதமே டீச்சர் வகுப்பு முழுவதையும் மனப்பாடம் செய்யவைத்த வரி.

இது கணினியில் அச்சான கடிதம். கையெழுத்தோ சாப்போ தேவையில்லை.