இல்லை என்கிற மாமியார்

"எனக்கு மருமகள் என்று யாருமே கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் நோயாளி "நான்" என்றால் அவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. அந்தத் தொழிலின் சட்டம் அது.

நோயாளி, அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், மனநல டாக்டருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அம்மாவை அழைத்து வந்த மகன் உள்ளே நுழைந்ததுமே, பக்கத்து நாற்காலியில் இருக்கும் உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள் மேடம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சுவரில் சாய்ந்து நின்றபடி அவன் டாக்டரிடம் ஆங்கிலத்திலேயே விஷயத்தைச் சொன்னான். வீட்டில் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவன், அம்மாவுக்குப் போனில்தான் சொன்னானாம். இப்போது அம்மா அவனோடு இருக்க வந்திருக்கிறாள். வந்த நாள் முதல் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காபி கொடுத்தால் கை நீட்டுவதில்லை, எதிரே வந்தால் ஒதுங்குவதுகூட இல்லை.

"தினமும் இவ அழறா. என்னால பாக்க முடியல. நீங்க இதுதான் நோய்னு சொல்லிட்டா, இந்த வாரமே அம்மாவை ஹோம்ல சேத்துடுவேன்."

ஹோம் என்ற சொல் மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் மருமகளை இல்லை என்பது என்ன உலக அதிசயமா, இதற்கெல்லாமா டாக்டர் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

டாக்டர் விடவில்லை. மருமகளை இந்த அம்மா கோஸ்ட் என்று நினைக்கிறாரா, ஃபேன்டம் என்றா, ஸ்பெக்டர் என்றா, தனித்தனியாகக் கேட்டுச் சொல் என்றார். தமிழில் பேய்க்கா பஞ்சம்? வரிசை கட்டி நின்றன. எது எதற்கு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, உங்க மருமக பேயா, பிசாசா, ஆவியான்னு டாக்டர் கேக்குறார்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆளே இல்லை என்கிறேன், இதில் பேய் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டாள். அதையும் "நான்" போட்டுச் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

அடுத்து இல்யூஷன், ஹாலுசினேஷன், டெலூஷன். முதலாவதற்கு மாயை என்று வைத்தாள். இரண்டாவதற்குப் பிரமை. மூன்றாவதற்கும் பிரமைதான் வந்து நின்றது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. போகட்டும் என்று சட்டத்தைக் கொஞ்சம் மீறினாள்.

"கயிறு பாம்பாத் தெரிஞ்சா ஒண்ணு. கயிறே இல்லாம பாம்பு தெரிஞ்சா இன்னொண்ணு. பாம்பே இல்லன்னு ஊரே சொன்னாலும் இருக்குன்னு சாதிச்சா அது வேற. உங்களுக்கு இதுல எதும்மா?"

"கயிறும் இல்ல, பாம்பும் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியலைன்னுதானே கண்ணு சொல்றேன்."

மொழிபெயர்ப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது. இல்லாததைப் பார்ப்பதற்கு எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள்! இருப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த அம்மாவின் கதி தன் அரைகுறைத் தமிழில் தொங்குகிறதே என்று பயமாக இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். வயதானால் சிலருக்கு மூளை இப்படியும் செய்யும், கவனிப்பு இருக்கும் இடத்தில் சேர்ப்பது நல்லது என்றார். அதையும் அவள் தமிழில் சொன்னாள்.

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்தாள். "நான் போயிட்டா இவனுக்கு யாரு ஆக்கிப் போடுவா? ராத்திரி இவன் எந்திரிச்சு உக்காந்தா யாரு பாப்பா?" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து, பெற்ற வாய் ஆயிற்றே, மூடிக்கொண்டாள்.

அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகு மொழிபெயர்ப்பாளரால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று முதல் முறையாகத் தன் சொந்த வாயால் பேசினாள். முடிவு செய்வதற்கு முன்னால் மருமகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே டாக்டர் என்றாள்.

டாக்டர் யோசித்தார். பேனாவைக் கீழே வைத்தார். நியாயம்தான், இன்னொரு நாள் மனைவியையும் அழைத்து வரச் சொல் என்றார்.

அம்மாவுக்கும் புரியட்டும் என்று அவள் மகனிடம் தமிழிலேயே சொன்னாள்.

அவன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான்.

"எதுக்கு மேடம் இன்னொரு நாள்? இவ உங்க பக்கத்து நாற்காலியிலதானே உக்காந்திருக்கா, கேளுங்க."