மஞ்சள் குழாய் போதும்

"மஞ்சள் குழாயே போதும் ஜௌஃபர் அண்ணே. அந்தக் குட்டி சிலிண்டரை எடுத்து உள்ளே வைங்க" என்றாள் நஷீதா.

"உள்ளே வைக்காதீங்க. ரெண்டுக்கும் சேர்த்துப் பில் போடுங்க" என்றான் ஆதில்.

ஜௌஃபர் பாக்கு மெல்வதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இருபது வருடமாக டைவிங் சாமான் விற்கிறார். ஓர் அண்ணியும் கொழுந்தனும் கடைக்குள் இப்படி மல்லுக்கு நின்று அவர் பார்த்ததில்லை.

நஷீதாவின் கணவன் வஹீத் கடலுக்கடியில் இறந்து, அவள் நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப் போய்க் காட்டுவது அவன் வேலை. விடுதி முதலாளி அந்த வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே முங்கப் பழகியவள் அவள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக் காலை இறங்கப் போகிறாள். கூட இறங்குகிறவன், வஹீதின் தம்பி ஆதில்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கண்ணே" என்றாள் நஷீதா. "என் முதுகுல ஒரு சிலிண்டர், அவன் முதுகுல ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குழாய். கறுப்பு நம்ம வாய்க்கு, மஞ்சள் கூட வர்றவங்களுக்கு. என் காத்து தீர்ந்தா இவனோட மஞ்சளை வாயில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து மேலே வந்துடுவோம். ஊரே அப்படித்தானே முங்குது?"

"ஊரே அப்படித்தான். குட்டி சிலிண்டர், அவசரத்துக்கு உபரிக் காத்துன்னு தனியா முங்கற கிறுக்கனுங்க வாங்கறது. கூட ஆள் இருக்கறப்ப அது எதுக்கு? விக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா நீ இருக்கற ஒல்லிக்கு, நீரோட்டம் வந்தா சிலிண்டர்தாம்மா உன்னை இழுத்துக்கிட்டுப் போகும்."

நஷீதா சிரித்துவிட்டாள். கணவன் போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஆதில் சிரிக்கவில்லை.

"பயந்துபோனவன் மஞ்சளைத் தேட மாட்டான் அண்ணி. எதிர்ல இருக்கறவன் வாயில உள்ளதைத்தான் பிடுங்குவான்."

"பிடுங்கட்டுமே. அதைக் கொடுத்துட்டு மஞ்சளை நீ எடுத்துக்க வேண்டியதுதானே? புதுசா வர்றவங்களுக்கு நீயே தினம் அதைத்தானே சொல்லித் தர்றே!"

"சொல்லித் தர்றது வேற. எண்பது அடி ஆழத்துல, நம்ம சிலிண்டர்லயே காத்து அளக்கற முள்ளு சிவப்புல நிக்கும். அதுல ரெண்டு பேர் மூச்சு விடணும். பாதி தூரத்துக்குக்கூடக் காணாதுன்னு தோணும்."

"தோணினா தோணட்டும். அப்பவும் நீ கொடுப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?"

ஆதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் இருந்த கண்ணாடிகளைப் பார்த்தான். பாவம், அண்ணனை நினைத்துக் கலங்குகிறான் என்று ஜௌஃபருக்கு மனசு கேட்கவில்லை.

"போனதையே நினைச்சு உருகாதே ஆதில். சிக்கின நங்கூரத்தை எடுக்கத்தான் ரெண்டு பேரும் போனீங்க. நீரோட்டத்துல உன் அண்ணன் பிரிஞ்சு போயிட்டாரு. நீ என்ன பண்ணுவே? பொழுது சாயற வரைக்கும் திரும்பத் திரும்ப இறங்கித் தேடினவனாச்சே நீ. ஊருக்கே தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் நஷீதா. "அவர் மட்டும் இவன் பக்கத்துலயே இருந்திருந்தா இன்னிக்கு என் பிள்ளைங்களுக்கு அப்பா இருந்திருப்பார். நான் இவனை விட்டு ஒரு கை தூரம்கூட நகர மாட்டேன். அப்புறம் எனக்கு எதுக்கு இந்தச் சுமை?"

அவளே குட்டி சிலிண்டரைத் தூக்கிப் போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"காசு நான் தர்றேன் அண்ணி."

"காசுக்காகவா சொல்றேன்? அதை மாட்டிக்கிட்டு இறங்கினா உன்னை நம்பலேன்னுதானே அர்த்தம்? உங்க அண்ணன் இருந்தா என்னைக் கோவிச்சுக்க மாட்டாரா? நீங்க மஞ்சள் குழாய்க்கு மட்டும் எழுதுங்கண்ணே."

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது ஜௌஃபருக்கு. பில் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

ஆதில் அந்தப் புத்தகத்தின் மேல் கையை வைத்தான்.

"நம்பாதீங்க அண்ணி" என்றான். "அண்ணன் எங்கேயும் பிரிஞ்சு போகலே. காத்து தீர்ந்ததும் நேரா என்கிட்டதான் வந்தாரு. என் குழாயைப் பிடிச்சுக்கிட்ட அண்ணனோட விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டுட்டுத்தான் நான் மேலே வந்தேன்."